மேடையை விட்டு இறங்கிய முசிரி

ஊர் ஊராகப் போய்ப் பாடிய வித்வானைத் தினமும் மணி அடித்ததும் வகுப்புக்கு வரச் சொன்னால் எப்படி இருக்கும்? முசிரி சுப்பிரமணிய ஐயருக்கு அது நேர்ந்தது. மேல் ஸ்தாயியில் உருகிப் பாடிப் பெயர் வாங்கியவர். 1939-ல் சங்கீத கலாநிதி. உடல்நலம் குன்றவே 1945 வாக்கில் கச்சேரிகளை நிறுத்திக்கொண்டார். வயது நாற்பத்தாறுதான்! பாடகர் ஓயும் வயதா அது?

1949-ல் சென்னையில் அரசாங்கம் தொடங்கிய கர்நாடக இசைக் கல்லூரிக்கு அவரே முதல் தலைவர். மேடையில் ஒரே அடியை மனம் நிறையும் வரை நிரவல் செய்யலாம். அதில் அவர் மன்னர் அல்லவா! வகுப்பில் மணி அடித்துவிடும். பையன் சுருதி தப்பினால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குக் கைதட்டலும் கிடையாது. ஆனாலும் 1965 வரை அந்தப் பதவியில் இருந்தார். அவரிடம் பயின்ற மணி கிருஷ்ணசாமியும், 1999-ல் டி. கே. கோவிந்த ராவும் சங்கீத கலாநிதி ஆனார்கள். அதைப் பார்க்க ஐயர் இல்லை, 1975-லேயே காலமாகிவிட்டார்.