கோமெட்: சோதனையில் பாஸ், வானத்தில் ஃபெயில்

விமானத்தில் ஜன்னலோர சீட் கிடைத்தால் எனக்கு ஒரு பழக்கம். வெளியே பார்ப்பதற்கு முன்னாடி ஜன்னலின் மூலையைப் பார்ப்பேன். எப்பவும் நல்லா வளைஞ்சு இருக்கும். அதுக்கு ஒரு கதை சொல்வாங்க: கோமெட் விமானத்துக்குச் சதுர ஜன்னல் வெச்சாங்க, மூலை கிழிஞ்சு விமானம் விழுந்துச்சு, அதிலிருந்து வளைவா மாத்திட்டாங்க. இது பாதிக் கதைதான். மீதியைத்தான் இன்னைக்குப் பேசப்போறோம்.

உலகின் முதல் பயணிகள் ஜெட், பிரிட்டனின் டி ஹாவிலண்ட் நிறுவனம் தயாரித்த கோமெட். 1952 மே 2 அன்று லண்டனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்குப் பயணிகளோடு கிளம்பியது. 35,000 அடிக்கு மேலேயும் பறக்கும். அந்த உயரத்துக் காற்றை மனிதர்கள் சுவாசித்துப் பிழைக்க முடியாது. அதனால் கேபினுக்குள் 8,000 அடி உயர மலையில் இருக்கும் அளவுக்குக் காற்றழுத்தம் வைத்தார்கள். விளைவு? ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஐந்தரை டன்னுக்கு மேற்பட்ட விசை உள்ளிருந்து வெளியே தள்ளும். அதைத் தாங்குகிற அலுமினியத் தகடு சில இடங்களில் ஒரு மில்லிமீட்டர் கூட இல்லை. ஒவ்வொரு பயணத்திலும் விமானத்தின் உடல் ஒரு தடவை உப்பும், ஒரு தடவை சுருங்கும். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைச்சு உடைப்போம் இல்லையா, அதே மாதிரிதான். இதற்குப் பெயர் உலோகச் சோர்வு.

1954 ஜனவரி 10. ரோமிலிருந்து லண்டன் கிளம்பிய கோமெட், எல்பா தீவுக்குப் பக்கத்தில் கடலில் விழுந்தது. 35 பேரும் இறந்தார்கள். கோமெட் சேவை நிறுத்தப்பட்டது. காரணம் புரியவில்லை. ஆனாலும் சந்தேகம் வந்த இடங்களையெல்லாம் மாற்றிவிட்டு, மார்ச் 23 அன்று மறுபடி பறக்கவிட்டார்கள். 16 நாள்தான். ஏப்ரல் 8 அன்று நேப்பிள்ஸ் பக்கம் இன்னொன்று விழுந்தது. அதில் 21 பேர்.

ஏன் அவ்வளவு நம்பிக்கை? ஏன்னா டி ஹாவிலண்ட் ஏற்கெனவே சோதிச்சுப் பார்த்திருந்தாங்க. அவர்களுடைய சோதனைப் பகுதி 16,000 தடவைக்கு மேல் உப்பிச் சுருங்கியும் தாங்கியது. எல்பாவில் விழுந்த விமானம் பறந்ததோ 1,290 தடவை. நேப்பிள்ஸ் விமானம் சுமார் 900.

அப்போ ஃபார்ன்பரோவில் அரசு விஞ்ஞானிகள் ஒரு முழு கோமெட்டையே தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். இறக்கைகள் மட்டும் வெளியே. உடலுக்குள்ளேயும் தண்ணீர். காற்றை அடைத்துச் சோதித்தால், கிழியும்போது குண்டு மாதிரி வெடித்து எல்லாம் சிதறிடும். தண்ணீரில் அப்படி ஆகாது. எங்கே கிழிந்ததோ அந்த இடத்தை அப்படியே பார்க்கலாம். இராப்பகலா அழுத்தத்தை ஏற்றி இறக்கினார்கள். அது முன்பு பறந்ததையும் சேர்த்து 3,057-வது தடவையில் ஒரு ஜன்னல் மூலையிலிருந்து உடல் கிழிந்தது.

16,000 எங்கே, 3,057 எங்கே? பழைய சோதனைப் பகுதிக்கு முதலில் வலிமைச் சோதனைக்காக வழக்கமான அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு கொடுத்திருந்தார்கள். அதில் மூலைகளில் இருந்த உலோகம் லேசாக இழுபட்டது. அழுத்தம் இறங்கியதும் சுற்றியிருந்த தகடு அதை நெருக்கிப் பிடித்தது. விரிசல் விடுவது தள்ளிப்போனது. அதாவது, சோதனையே அந்தத் துண்டைப் பலப்படுத்திடுச்சு! பயணிகள் ஏறிய விமானங்களுக்கு அந்தப் பலம் இல்லை.

இன்னொரு விஷயம். கோமெட்டின் ஜன்னல் மூலைகள் அப்பவே வளைவுதான், வளைவு போதவில்லை. எல்பா விமானத்தில் விரிசல் ஆரம்பித்ததும் பயணி பார்க்கிற ஜன்னலில் இல்லை; கூரையில் ஆன்டெனாவுக்காக விட்ட திறப்பில்.

அதனால்தான் இன்று ஒரு ஜெட்டின் வயதை வருஷத்தில் மட்டும் எண்ணுவதில்லை, எத்தனை தடவை ஏறி இறங்கியது என்றும் எண்ணுகிறார்கள். 1988-இல் ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 ஒன்று நடுவானில் கூரையை இழந்தது. ஒரு விமானப் பணிப்பெண் இறந்தார். அந்த விமானத்துக்கு வயது 19. ஆனால் தீவுக்குத் தீவு தாவித் தாவி, கிட்டத்தட்ட 90,000 தடவை பறந்திருந்தது.

அடுத்த தடவை ஜன்னலோரம் உட்கார்ந்தால் அந்த வளைவை ஒரு நிமிஷம் பாருங்க. அது 56 பேர் இறந்த பிறகு கற்றுக்கொண்ட பாடம்.