பத்து பவுண்டு வீடு

கோட்டை, அரண்மனைன்னா காப்பாத்த ஆள் வரும். கூரை வேய்ஞ்ச ஒரு கிராமத்து வீட்டை எவன் சீந்துவான்? 1896ல சீந்தினாங்க மக்கா. அந்தக் கதைதான் இது.

இங்கிலாந்தின் தெற்கே, கிழக்கு சசெக்ஸில் ஆல்ஃப்ரிஸ்டன் என்றொரு கிராமம். அங்கே தேவாலயத்துக்குப் பக்கத்துல நிக்கிறது 'கிளர்ஜி ஹவுஸ்'. வயசு சுமார் 600. பேரு பாதிரியார் வீடுன்னாலும், கட்டுமானம் அந்த வட்டாரத்து வசதியான விவசாயிகள் கட்டிக்கிட்ட 'வீல்டன்' பாணி.

முதல்ல ஓக் மரச்சட்டம். ஒரு மரத்துல துளை, இன்னொண்ணுல கழுந்து; ரெண்டையும் பொருத்தி மர ஆணி அடிச்சு இறுக்கிடுவாங்க. கூரையோட பாரத்தைத் தாங்குறது இந்தச் சட்டம்தான், சுவர் இல்லை. சட்டங்களுக்கு நடுவுல குச்சியைப் பின்னி, களிமண்ணைக் குழைச்சு அப்பினா சுவர் ரெடி!

நடுவுல கூடம். தரையிலிருந்து முகடு வரைக்கும் திறந்த வெளி. இரு பக்கமும் மாடியோட அறைகள். மாடி கொஞ்சம் முன்னால துருத்திக்கிட்டு இருக்கும். கூரை விளிம்பு மட்டும் ஒரே நேர்க்கோடு. அதனால கூடம் உள்வாங்கின மாதிரி தெரியும். இந்தப் பாணி வீடுகள்ல அந்தக் காலத்துல புகைபோக்கி கிடையாது. கூடத்து நடுவுல அடுப்பு. புகை மேலே போய் கூரை வழியா கசியும். இங்கே கூடத்துத் தரை இன்னும் விசேஷம்: சுண்ணக்கல்லை இடிச்சுப் பரப்பி, புளிச்ச பாலால் மெழுகினது!

19ஆம் நூற்றாண்டுக் கடைசியில் வீடு பாழடைஞ்சு, இடிச்சுடலாம்னு பேச்சு வந்தது. ஊர்ப் பாதிரியார் பேனன் விடலை. 1877ல வில்லியம் மோரிஸ் தொடங்கின பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்துக்கிட்ட போனார். கடைசியில், ஆக்டேவியா ஹில் உள்ளிட்ட மூணு பேர் 1895ல ஆரம்பிச்ச நேஷனல் டிரஸ்ட் அடுத்த வருசமே இதை வாங்கிடுச்சு. விலை வெறும் 10 பவுண்டு! டிரஸ்ட் வாங்கின முதல் கட்டடம் இதுதான்.

எனக்குப் பிடிச்சது என்னன்னா, இங்கே ராஜா யாரும் பிறக்கலை, போரும் நடக்கலை. சாதாரண மனுசங்க எப்படிக் குடியிருந்தாங்கன்னு சொல்ல மிச்சமிருந்த சாட்சி, அவ்வளவுதான். அதுவே போதும்னு சிலர் நினைச்சாங்க. ஆனா வாங்கினதோட வேலை முடியலை. பழுது பார்க்க 10 பவுண்டைவிடப் பல மடங்கு செலவு. கூரை வேற, தலைமுறைக்கு ஒருமுறையாவது புதுசா வேய்ஞ்சாகணும். ஒவ்வொரு தலைமுறையும் 'இது வேணும்'னு மறுபடி முடிவு பண்ணினாத்தான் இந்த மாதிரி வீடு நிக்கும்.

நீங்க என்ன சொல்றீங்க?