தெருக் கும்பல்களும் ஒரு சமாதானக் கூட்டமும்

குண்டர் கும்பல் என்னும் சொல்லைக் கேட்டவுடன் கத்தியும் குருதியுமே நம் கண்முன் தோன்றும். அக்காட்சி பொய்யன்று. எனினும் கும்பலில் சேரும் சிறுவன் முதற்கண் தேடுவது தனக்கென ஒரு பெயரும், தன்னைத் தாங்க ஒரு துணையுமேயாகும். அமெரிக்கத் தெருக் கும்பல்களின் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டுகின்றது.

19ஆம் நூற்றாண்டின் நடுவில், பஞ்சத்திற்குத் தப்பி நியூயார்க்கில் வந்திறங்கிய அயர்லாந்து மக்கள் 'பைவ் பாயிண்ட்ஸ்' என்னும் சேரியில் ஒண்டிப் பிழைத்தனர். அவர்களை வெறுத்த உள்நாட்டில் பிறந்தோரின் 'பௌரி பாய்ஸ்' கும்பலும், 'டெட் ரேபிட்ஸ்' எனப்பட்ட அயர்லாந்துக் கும்பலும் 1857 ஜூலை 4ஆம் நாள், நாட்டின் விடுதலைத் திருநாளன்றே தெருவில் மோதிக்கொண்டன. வந்தேறியவர்க்கும் முன்னரே வாழ்ந்தவர்க்கும் இடையே எழுந்த பகையே அம்மோதலின் வேராகும்.

காலம் மாறியது, களமும் மாறியது. 1919இல் சிகாகோவில் மூண்ட இனக்கலவரத்தில் 38 பேர் மாண்டனர். விளையாட்டுச் சங்கம் என்ற போர்வையில் இயங்கிய 'ரேகன்ஸ் கோல்ட்ஸ்' போன்ற வெள்ளை இளைஞர் கும்பல்கள் கறுப்பின மக்களைத் தாக்கின. அந்நகரின் கும்பல்களை ஆராய்ந்த பிரெடரிக் திராஷர் என்னும் சமூகவியலறிஞர், 1,313 கும்பல்களைப் பற்றிய தம் நூலை 1927இல் வெளியிட்டார். தெருவில் ஒன்றாக விளையாடும் சிறுவர் கூட்டமே, வெளியாரோடு மோத மோத இறுகிக் கும்பலாகிறது என்பது அவர் கண்ட முடிவு. குடும்பமும் பள்ளியும் தளர்ந்துபோன இடைவெளியிலேயே அது வேர்விடுகிறது என்றும் அவர் விளக்கினார்.

அவர் கூற்றுக்கு நியூயார்க்கின் பிராங்க்ஸ் வட்டாரம் பின்னாளில் சான்றாயிற்று. 1948இல் தொடங்கிய பெருஞ்சாலைப் பணி அங்குக் குடியிருப்புகளை ஊடறுத்துச் சென்றது. வசதி படைத்தோர் வெளியேறினர், தொழிற்சாலைகள் மறைந்தன. எஞ்சியிருந்த கறுப்பின, புவர்ட்டோ ரிக்கோ இளைஞர்கள் கும்பல்களாகத் திரண்டனர். கைகளை வெட்டிய ஜீன்ஸ் சட்டையின் முதுகில் கும்பலின் சின்னத்தைத் தைத்து அணிந்தனர். பிறர் எல்லைக்குள் அச்சட்டையோடு நுழைவது போருக்கு அறைகூவலாகும். தலைவர், துணைத்தலைவர், போர்த்தளபதி எனப் பதவிகளும் வகுத்துக்கொண்டனர். நாடு தராத பதவியைத் தெரு தந்தது!

அக்கும்பல்களுள் 'கெட்டோ பிரதர்ஸ்' ஒன்று. 1971 டிசம்பர் 2ஆம் நாள், மோதலைத் தடுக்கச் சென்ற அதன் சமாதானத் தூதரான 'பிளாக் பெஞ்சி' அடித்துக் கொல்லப்பட்டார். பழிவாங்கப் பலர் துடித்தனர். தலைவர்களோ அதற்கு இணங்கவில்லை. டிசம்பர் 8ஆம் நாள் ஹோ அவென்யூ சிறுவர் மன்றத்தில் பகைக் கும்பல்களை அழைத்துக் கூட்டம் நடத்தினர். சினம் கொப்புளிக்கும் பேச்சுகளுக்குப் பின்னர் உடன்பாடு பிறந்தது.

அவ்வுடன்பாடு எல்லா வன்முறையையும் ஒழித்துவிடவில்லை. ஆயினும் எல்லைகள் தளர்ந்தன. ஒரு தெருவின் இளைஞர் மறு தெருவின் விருந்துக்குச் செல்ல வழி பிறந்தது. 1973 ஆகஸ்டு 11இல் செட்ஜ்விக் அவென்யூவில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்னும் இளைஞர் தம் தங்கை ஏற்பாடு செய்த விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். அந்நிகழ்ச்சியையே ஹிப் ஹாப் கலையின் பிறப்பாகப் போற்றுவர். பெயருக்காகவும் பெருமைக்காகவும் கத்தி ஏந்திய இளைஞர் பலர், அதே பெயருக்காக ஆடலிலும் பாடலிலும் போட்டியிடலாயினர்.

கொடுமையை அழகுபடுத்திக் காட்டுவது வரலாற்றின் வேலையன்று. பிளாக் பெஞ்சியின் உயிர் மீளவில்லை. ஆனால் பழிவாங்கும் வாய்ப்பிருந்தும் அதனைக் கைவிட்டவர்கள், ஊரார் உதவாக்கரைகள் என்று ஒதுக்கிய இளைஞர்களே என்பதை மறத்தலாகாது. வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவனுக்குப் பெயரும் பொறுப்பும் தருவது யார்? பள்ளி தரத் தவறினால் தெரு தரும் என்பதே இவ்வரலாறு ஆசிரியர்க்கு உணர்த்தும் பாடம்.