கன்றின் கண்ணும் கரோட்டினும்: மாடுகளின் ஊட்டக்குறைப் பார்வையிழப்பு குறித்த ஆய்வு வரலாறு (1907–1940)

திறவுச்சொற்கள்: கால்நடை மருத்துவ வரலாறு, மாலைக்கண், வைட்டமின் ஏ, பார்வை நரம்பு, தீவனம்

முன்னுரை

வைட்டமின்களின் வரலாற்றை எழுதுவோர், அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1907ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பசுத் தீவன ஆய்வைத் தவறாது குறிப்பிடுவர். அவ்வாய்வில் பங்கேற்ற எல்மர் மெக்கலம் பின்னர் எலிகளை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதையும், 1913இல் மார்கரீட் டேவிசுடன் இணைந்து, பிற்காலத்தில் வைட்டமின் ஏ எனப் பெயர்பெற்ற கொழுப்பில் கரையும் பொருளை அறிவித்ததையும் விரித்துரைப்பர். பசுக்களோ அத்துடன் அவ்வரலாற்றிலிருந்து மறைந்துவிடுகின்றன. ஆனால், ஊட்டக்குறையால் மாடு பார்வை இழப்பதை எவ்வாறு அறிவது, எந்நிலை வரை அதனைத் தீர்க்க இயலும் என்னும் வினாக்களுக்கு விடை கிடைக்க மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. அந்த இடைக்காலத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

பகுப்பாய்வுக்கு அகப்படாத குறை

தீவனத்தின் மதிப்பைப் புரதம், மாவுப்பொருள், கொழுப்பு ஆகியவற்றின் அளவைக் கொண்டே கணிப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு இறுதியின் வழக்கம். விஸ்கான்சின் வேதியியலாளர் ஸ்டீபன் பாப்காக் இதனை நெடுங்காலமாக ஐயுற்றவர். அவருடைய ஐயமே 1907 மே மாத ஆய்வுக்கு வித்து. 16 கிடாரிக் கன்றுகள் நந்நான்காகப் பிரிக்கப்பட்டன. மூன்று குழுக்கள் முறையே மக்காச்சோளம், கோதுமை, ஓட்ஸ் என ஒரே பயிரின் தானியத்தையும் தட்டையையும் உண்டன. நான்காவது குழு மூன்றின் கலவையை உண்டது. வேதிப் பகுப்பாய்வின்படி எல்லாத் தீவனங்களும் நிகரானவை.

முதலாண்டில் எடை வேறுபாடு பெரிதாகத் தென்படவில்லை. கன்று ஈன்றபோதுதான் வேறுபாடு வெளிப்பட்டது. மக்காச்சோளக் குழுவின் கன்றுகள் வலுவுடன் பிறந்தன. கோதுமைக் குழுவின் கன்றுகள் காலத்திற்கு முன்பே, நலிந்தோ இறந்தோ பிறந்தன. எட்வின் ஹார்ட், மெக்கலம், ஸ்டீன்பாக், ஹம்ஃப்ரி ஆகிய நால்வரும் 1911இல் முடிவுகளை வெளியிட்டபோது, காரணத்திற்கு ஒரு பெயரிட அவர்களால் இயலவில்லை.

மஞ்சள் மக்காச்சோளத்தின் நிறத்திற்கும் வைட்டமின் ஏ ஆற்றலுக்கும் உள்ள தொடர்பை ஸ்டீன்பாக் 1919இல் சுட்டினார். கரோட்டின் உடலுக்குள் வைட்டமின் ஏ-வாக மாறுவதைத் தாமஸ் மூர் 1930இல் நிறுவினார். இவற்றைப் பின்னோக்கிப் பொருத்தி, 1907ஆம் ஆண்டு ஆய்வை முழுமையாக வைட்டமின் ஏ-வின் கதையாக்குவது எளிது, அது பொருத்தமன்று. வைக்கோல் வகைகளில் சுண்ணாம்புச்சத்து குறைவு என்பதும் அம்மாடுகளின் நலிவுக்குக் காரணம் என்பதை ஹார்ட்டின் பிற்கால ஆய்வுகளே காட்டின. கண்ணைத் தனித்து நோக்கும் ஆய்வு வேறோர் இடத்தில்தான் தொடங்கியது.

வறண்ட மேய்ச்சல் நிலமும் அந்திப் பொழுதும்

கலிபோர்னியாவில் மழை குளிர்காலத்தில் பெய்யும். கோடையில் மேய்ச்சல் நிலம் காய்ந்து வெளிறிவிடும். புல் வெளிறும்போது கரோட்டினும் அழிகிறது. கல்லீரலில் சேமித்த வைட்டமினைக் கொண்டு மாடு சில மாதங்கள் தாக்குப்பிடிக்கும். வறட்சி நீண்டால் அச்சேமிப்பும் தீரும். இந்நிலை இனப்பெருக்கத்தை எவ்வாறு தாக்குகிறது என்பதை ஜார்ஜ் ஹார்ட், ஹரால்டு கில்பர்ட் இருவரும் 1933இல் வெளியிட்டனர். (விஸ்கான்சின் ஹார்ட் வேறு, கலிபோர்னிய ஹார்ட் வேறு. இருவரையும் ஒருவராகக் கொள்ளும் குழப்பம் எளிதில் நேரக்கூடியது.)

இவர்கள் முதன்மை அடையாளமாகக் கொண்டது மாலைக்கண். பகலில் இயல்பாக நடமாடும் மாடு, அந்தியில் வேலியிலும் தொட்டியிலும் மோதுகிறது. இதனைக் காண ஆய்வுக்கூடம் தேவையில்லை; மங்கிய ஒளியில் மாட்டை ஓட்டிப் பார்க்கும் மேய்ப்பரே போதும். இந்த எளிய அடையாளத்தைக் கில்பர்ட்டும் ஹார்ட்டும் அளவுகோலாக்கினர் என்பதே இவ்வரலாற்றின் திருப்பம் எனக் கருதுகிறேன். மாலைக்கண் தோன்றாதிருக்க, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்குச் சற்றேறக்குறைய 6 முதல் 8 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ, அல்லது 26 முதல் 33 மைக்ரோகிராம் கரோட்டின் தேவை என 1935 முதல் 1940 வரையிலான ஆய்வுகளில் வரையறுத்தனர். எனினும் இது குறைந்தபட்ச அளவே. சினைக்கும் கல்லீரல் சேமிப்புக்கும் இதனினும் பன்மடங்கு வேண்டும் என்பதையும் அவர்கள் உணர்ந்திருந்தனர்.

மீளும் குருடும் மீளாக் குருடும்

எல்லாப் பார்வையிழப்பும் தீவனத்தை மாற்றினால் மீண்டதா? மிச்சிகனில் மூர், ஹஃப்மன், டங்கன் ஆகியோர் பார்வையற்ற மாடுகளை ஆராய்ந்து, பார்வை நரம்பு எலும்புத் துளையினுள் நெரிபட்டிருப்பதை 1935இல் அறிவித்தனர். இது ஊட்டக்குறையால் நேர்ந்திருக்கக்கூடும் என்னும் தயக்கம் அக்கட்டுரையின் தலைப்பிலேயே உள்ளது. 1939இல் மூர் தனித்து எழுதிய கட்டுரையின் தலைப்பில் அத்தயக்கம் இல்லை. கரோட்டின் குறைவு, மாலைக்கண், பார்வை நரம்புத் தலை வீக்கம், நரம்பு நெரிவு ஆகியவற்றின் தொடர்பே அதன் பொருள்.

இவ்வேறுபாடு மருத்துவத்திற்கு இன்றியமையாதது. வளர்ந்த மாட்டின் மாலைக்கண் பசுந்தீவனத்தாலும் வைட்டமின் ஏ ஊசியாலும் தீரும். வளரும் கன்றில் எலும்பு ஒழுங்கற்று வளர்ந்து நரம்பை நெரித்தபின் எம்மருந்தும் பயன் தராது; பாவை விரிந்தபடியே நின்று, ஒளிக்குச் சுருங்காது. நுண்ணுயிரால் வரும் கண்ணழற்சியோடும் இதனைக் குழப்பலாகாது. மொராக்செல்லா போவிஸ் எனப் பின்னர் பெயரிடப்பட்ட அந்நுண்ணுயிரை ஜோன்சும் லிட்டிலும் 1923இல் விவரித்திருந்தனர். அந்நோய் பெரும்பாலும் ஒரு கண்ணில் தொடங்கும். கருவிழியில் புண்ணும் வெண்மையும் தோன்றும். ஊட்டக்குறையில் இரு கண்களும் ஒருங்கே பாதிக்கப்படும். கண்ணீர் வடியினும், பார்வையற்ற கன்றின் கருவிழி தெளிவாகவே இருக்கக்கூடும்.

கண் தெளிவாகத் தோன்றுவதால்தான் கன்றின் குருடு காலங்கடந்து அறியப்படுகிறது. கருப்பையில் வைட்டமின் ஏ கன்றுக்குச் சிறிதளவே சேரும். பெரும்பகுதி சீம்பால் வழியே வருவது. வெளிறிய வைக்கோலில் கரோட்டின் இல்லாததற்கு நிகர். கோடை முழுவதும் வைக்கோலை மட்டுமே தின்ற சினைப்பசுவின் சீம்பாலிலும் அது குறைந்தே இருக்கும். எனவே கன்றின் கண்ணுக்கான மருத்துவம், கன்று பிறப்பதற்கு முன், தாய்ப்பசுவின் தொட்டியில் தொடங்கவேண்டியதாகிறது.