பேராதனை நூலகமும் நம் டீச்சரும்

சென்ற மாசியில் டீச்சரைப் பார்க்கக் கல்லடிக்குப் போயிருந்தேன். இடுப்பெலும்பு முறிந்து சத்திரசிகிச்சை நடந்ததிலிருந்து அவருக்குச் சக்கர நாற்காலிதான். இரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரைகளில் ஒன்றைக் குறைத்துவிட்டு எழும்பும்போது கையைப் பிடித்துக்கொண்டார்.

"மனே, பேராதனை லைப்ரரிக்குள்ள ஒருக்காப் போய் இருந்துட்டு வரணும். ஏலுமா?"

பெயர் எழுதக் கூடாது என்பது அவருடைய கட்டளை. ஆனாலும் எழுபதுகள் தொடங்கி 2002 வரை நம் பாடசாலையில் தமிழ் படித்தவர்களுக்கு ஆள் யாரென்று விளங்கும். நான் விஞ்ஞானப் பிரிவுக்குப் போனவள். சாதாரணதரம் வரைதான் அவரிடம் படிக்கக் கிடைத்தது. கலைப்பிரிவுத் தோழிகளுக்கு அவர் சொல்லக் கொடுத்த குறிப்புகள் எல்லாம் ஒரு கட்டு சீ.ஆர். கொப்பிகளிலிருந்து வந்தவை. நிழற்படப் பிரதி எடுக்கும் வசதி இல்லாத காலத்தில், பேராதனை நூலக மேசையில் இருந்து, வீட்டுக்கு இரவல் தராத புத்தகங்களை அவர் கையாலே பார்த்தெழுதிய கொப்பிகள். ஆக, வாவிக்கரையில் இருந்துகொண்டு நம்மில் எத்தனையோ பேர் அந்த நூலகத்தைத்தான் படித்திருக்கிறோம். இந்தக் கட்டுரைக்கு நூற்றாண்டு மலரில் இடம் கேட்க எனக்குள்ள உரித்து அதுதான்.

அந்த நூலகத்தின் வேர் பேராதனையில் இல்லை, கொழும்பில் இருக்கிறது. 1921இல் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி அங்கே தொடங்கப்பட்டபோது அதற்கென ஒரு சிறு நூலகமும் தொடங்கியது. 1942இல் அந்தக் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் இணைந்து இலங்கைப் பல்கலைக்கழகம் ஆகின. அடுத்த ஆண்டு அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராகப் போனவர் காரைதீவில் பிறந்து, மட்டக்களப்புப் புனித மிக்கேலில் படித்து, கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பிய சுவாமி விபுலாநந்தர். அதற்கு முன்பு, 1931இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். 1947இல் யாழ் நூல் அரங்கேறியது. அதே ஆண்டு ஆடி மாதம் சுவாமிகள் காலமானார். பல்கலைக்கழகம் பேராதனைக்குப் போனதை அவர் காணவில்லை. சிவானந்த வித்தியாலய வளவில் இருக்கிற அவருடைய சமாதி டீச்சரின் வீட்டிலிருந்து நடை தூரம். நடக்கக் கூடியவர்களுக்கு.

பேராதனையை ஒரு பல்கலைக்கழக நகராகத் திட்டமிட்டவர்களில் பேர்பெற்ற நகரமைப்பாளர் பற்றிக் அபர்குரொம்பியும் ஒருவர். முதல் துணைவேந்தர் ஐவர் ஜென்னிங்ஸ் அதை முன்னின்று நடத்தினார். ஒரு பக்கம் மகாவலி, மறு பக்கம் ஹந்தானை மலை. 1952இல் இடமாற்றம், 1954இல் எலிசபெத் மகாராணி முன்னிலையில் எடின்பரோ கோமகன் செய்த முறையான திறப்பு. புத்தகங்களும் கொழும்பிலிருந்து மலையேறின. பிரதான நூலகக் கட்டடம் 1960இல் வந்தது.

1960 என்பதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சுயமொழிகளில் படித்த பிள்ளைகள் கலைப்பீடத்துக்குப் பெருந்தொகையாக வரத் தொடங்கியதும் அதே காலம்தான். விரிவுரை தமிழில், புத்தகங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில். 1962இல் போன டீச்சரும் அந்த அணியில் ஒருவர். காலையில் விரிவுரை கேட்டு, பின்னேரம் அகராதியை ஒரு பக்கத்திலும் புத்தகத்தை மறு பக்கத்திலும் வைத்துத் தமிழில் எழுதியிருக்கிறார். அந்தக் கொப்பிகளைப் புரட்டினால் ஒரே சொல்லுக்கு மூன்று மொழிபெயர்ப்பு எழுதி இரண்டை வெட்டியிருப்பது தெரியும். நம் தலைமுறைக்கு வந்து சேர்ந்தது வெட்டாமல் விட்ட அந்த ஒன்று.

அதே 1962இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்கு எடுத்துப்போய்க் 'கர்ணன் போர்' போட்டார். பிறகு 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை'. நம் ஊர்க் களரியில் விடிய விடிய ஆடுவதைக் கண்டி மலையில் மேடையேற்றியதைப் பார்த்து அழுததாக டீச்சர் வகுப்பில் சொன்னது ஞாபகம்.

இன்னொரு செய்தி நம் சங்கத்துக்கு நேரடியாகப் பயன்படும். 1885இன் கட்டளைச் சட்டப்படி இலங்கையில் அச்சாகிற ஒவ்வொன்றிலும் சில பிரதிகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். 1952 முதல் அப்படி ஒரு பிரதி பெறும் உரிமை பேராதனை நூலகத்துக்கும் உண்டு. பின்னாளில் அங்கே நூலகராக இருந்த இயன் குணதிலக்க இலங்கை பற்றிய நூல்களின் பட்டியலை ஐந்து தொகுதிகளாகத் தொகுத்தார் என்றால், அதற்கு அந்தச் சேர்க்கையும் ஒரு பக்கபலம். நம்மிடம் இருந்த பழைய சஞ்சிகைகளும் மலர்களும் 1978 கார்த்திகைச் சூறாவளியில் கூரையோடு போய்விட்டன. யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் இருந்திருந்தாலும் 1981இல் அந்த 97,000 நூல்களோடு எரிந்திருக்கும். அச்சகத்தார் ஒழுங்காகப் பிரதி அனுப்பியிருந்தால், 1952க்குப் பிறகு வந்த நம் சஞ்சிகை ஒன்றாவது பேராதனை அலுமாரியில் இருக்கலாம். டீச்சர் மாணவியாக எழுதிய முதல் கட்டுரை அப்படி ஒரு சஞ்சிகையில்தான் வந்தது. அவர் வாய்திறந்து சொல்லவில்லை. நான்தான் ஊகித்தேன்.

இனிப் பயணம். செங்கலடியிலிருந்து மகா ஓயா, பதியதலாவ, மகியங்கனை, பிறகு பதினெட்டு வளைவு ஏறிக் கண்டி. நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு நாள் பயணம். டீச்சருக்கு அப்படிச் செய்யக் கூடாது. ஒரே இருப்பில் அமுங்கும் தோல் சில மணி நேரத்தில் புண்ணாகத் தொடங்கும். ஆறுவதற்கு மாதங்கள் போகும். மணிக்கொரு தடவை வானை நிறுத்தி உடலை மாற்றி இருத்த வேண்டும், கண்டியில் இரவு தங்கி மறுநாள்தான் நூலகம்.

நான் அதிகம் பயப்படுவது வளைவுகளுக்கல்ல, தண்ணீருக்கு. நம் பெண்கள் தூரப் பயணம் என்றால் முதல் நாளே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள், வழியில் மலசலகூடம் எப்படி இருக்குமோ என்று. பிறகு சிறுநீர்க் கிருமித்தொற்றோடு என்னிடம் வருவார்கள். சக்கர நாற்காலி நுழையக்கூடிய மலசலகூடங்கள் வழியில் எங்கெங்கே உள்ளன என்று முன்கூட்டித் தெரிந்தால்தான் டீச்சர் தண்ணீர் குடிப்பார். எனவே திட்டத்தின் முதல் வரி அதுவாக இருக்கிறது, நூலகம் இரண்டாவது வரி.

கட்டடங்களைப் பற்றி நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான சட்டம் 1996இல் வந்தது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் போய்வர வழி செய்யும் ஒழுங்குவிதிகள் 2006இல். சக்கர நாற்காலி பாவித்த கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில் 2011இல் உயர் நீதிமன்றம் அதை வலியுறுத்தி உத்தரவும் இட்டது. ஆனால் ஒரு பழைய கட்டடத்துக்குப் போகுமுன் சட்டத்தைவிட அளவுநாடாதான் உதவும். சாய்தளம் ஓரடி உயர பன்னிரண்டடி நீளம் வேண்டும். ஆறு அங்குலப் படிகள் ஐந்து இருந்தால் முப்பதடி. அதைவிடச் செங்குத்தாக ஒரு பலகையைப் போட்டுவிட்டு "வழி இருக்கு" என்று சொல்பவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். கதவு திறந்தபின் 32 அங்குலமாவது இடைவெளி வேண்டும். நாலு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்குவது என்ற யோசனையை எவரும் கொண்டுவர வேண்டாம். முறிந்து பொருத்திய இடுப்புக்கு அது ஆபத்து. அத்தோடு, தான் படித்த இடத்துக்குள் மூட்டைபோலப் போக டீச்சர் சம்மதிக்கமாட்டார்.

கண்டியிலும் பேராதனையிலும் இருக்கிற பழைய மாணவிகளிடம் நான் கேட்பது இதுதான். யாராவது இருவர் ஒரு வேலை நாளில் நூலகத்துக்குப் போய், வாகனம் நிற்கும் இடத்திலிருந்து வாசிப்பு மேசை வரைக்கும் உள்ள படிகளை எண்ணுங்கள், கதவுகளையும் மின்தூக்கியின் உட்புறத்தையும் மலசலகூடத்தையும் அளந்து படத்தோடு அனுப்புங்கள். நுழைவு அனுமதிக்கும், நாற்காலி போகாத மாடியில் புத்தகம் இருந்தால் அதைக் கீழே எடுத்துத் தருவதற்கும், நூலகருக்கு எழுத்தில் ஒரு கடிதம் முன்கூட்டிப் போக வேண்டும். அதைச் சங்கச் செயலாளர் எழுதுவார். பார்க்க வேண்டிய சஞ்சிகைகளின் பட்டியலை நான் டீச்சரிடம் வாங்கித் தருகிறேன். எங்கள் உத்தேசம் ஆவணி விடுமுறை, வளைவுகளில் மழை பிடிக்குமுன்.

போன கிழமை டீச்சரே அழைத்தார். கதவை அளந்தாச்சா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

"கெதியா அளக்கச் சொல்லு மனே. எனக்கு எண்பத்து மூணு."