குழாயும் பொத்தானும்: ஒரு பொழுதுபோக்கின் வரலாறு

1898ஆம் ஆண்டு ஜனவரியில் பெர்சிவல் மார்ஷல் என்பவர் லண்டனிலிருந்து ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். 'மாடல் எஞ்சினியர் அண்ட் அமெச்சூர் எலக்ட்ரீஷியன்' என்பது அதன் பெயர். பகலில் எழுத்தராகவோ ஆசிரியராகவோ வேலை பார்த்துவிட்டு, மாலையில் வீட்டுக் கொல்லையிலுள்ள கொட்டகையில் லேத் ஓட்டுகிறவர்களுக்கான பத்திரிகை அது. கடைசலையும் மின்சாரத்தையும் ஒரே தலைப்பில் அவர் ஏன் சேர்த்தார் என்பது இன்று விளங்கச் சற்று நேரம் பிடிக்கும். அன்று இரண்டும் ஒரே மனிதனின் ஆசைகள். சரியாக 110 ஆண்டுகள் கழித்து, 2008இல், அதே இங்கிலாந்தில் அந்த இரு ஆசைகளும் கைப்பிடியளவு உலோகக் குழாய் ஒன்றில் மீண்டும் சந்தித்தன. அந்தக் குழாயைப் பற்றியதே இக்கட்டுரை.

கடைசல் நெடுங்காலம் செல்வந்தர்களின் பொழுதுபோக்காக இருந்தது. ரஷ்யப் பேரரசர் முதலாம் பீட்டர் தம் அரண்மனையிலேயே கடைசல் பட்டறை வைத்திருந்தார். ஆந்த்ரேய் நார்தவ் என்ற கைதேர்ந்த வினைஞர் அவருக்காக எந்திரங்கள் சமைத்துக் கொடுத்தார். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து லண்டனுக்கு வந்த ஹோல்ட்ஸாப்ஃபெல், பிரபுக்கள் தந்தத்தையும் கருங்காலியையும் கடைந்து மகிழ்வதற்கென்றே விலையுயர்ந்த லேத்துகளைச் செய்து விற்றார். மார்ஷலின் காலத்தில்தான் அந்த எந்திரம் சாமானியனின் கொட்டகைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாட்டிங்ஹாம் அருகே பீஸ்டனில் உருவான மைஃபோர்டு லேத்துகள் அந்த வருகையை உறுதிசெய்தன. அவற்றில் பெரும்பாலும் சிறிய நீராவி எந்திரங்களே பிறந்தன. ஆவியின்மீது இவர்களுக்கு இருந்த மோகம் பழையது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கதையின் மறுபாதி அமெரிக்காவில் தொடங்குகிறது. பென்சில்வேனியாவின் பீவர் ஃபால்ஸ் நகரைச் சேர்ந்த ஹெர்பர்ட் கில்பர்ட் பழைய இரும்பு வியாபாரி, தீவிரமாகப் புகைத்தவர். புகையிலையை எரிக்காமல், நறுமணமூட்டிய ஈரக்காற்றைச் சூடாக்கி உள்ளிழுக்கும் கருவி ஒன்றுக்கு 1963இல் விண்ணப்பித்து, 1965இல் காப்புரிமை பெற்றார். வாங்குவார் இல்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் சீனாவில் ஹான் லிக் என்ற மருந்தாளுநர் வேறொரு வழியில் அதே இடத்துக்கு வந்தார். அவரும் புகைப்பவர், தந்தையை நுரையீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 2003இல் அவர் உருவாக்கிய மின்சிகரெட் 'ரூயான்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. சீன மொழியில் 'புகையைப் போன்றது' என்று பொருள்.

அதன் குறையும் பெயரிலேயே இருந்தது எனலாம். சிகரெட்டைப் போலத் தோன்ற வேண்டும் என்பதற்காக அதன் பாட்டரியும் சிகரெட்டின் பருமனுக்குள் அடங்க வேண்டியிருந்தது. சிறிது நேரத்தில் சக்தி தீர்ந்துவிடும். புகைப்பதை விட்டுவிட உண்மையாகவே முயன்றவனுக்கு அந்த வெற்று நேரம் சோதனையானது. சட்டைப்பையில் பழைய பாக்கெட் காத்திருந்தது. 2008இல் டெட் ரோஜர்ஸ், மாட் ரோஜர்ஸ் ஆகிய இருவர் இங்கிலாந்தில் இதற்கு ஒரு தீர்வு கண்டனர். சிகரெட்டின் உருவத்தைக் கைவிட்டு, பெரிய பாட்டரி கொள்ளும் உலோகக் குழாய் ஒன்றைச் செய்தனர். அதற்கு 'ஸ்க்ரூடிரைவர்' என்று பெயர். அக்காலத்தில் டார்ச் விளக்கின் உடலை அறுத்து இதே வேலையைச் செய்தவர்களும் உண்டு. மாற்றியமைக்கப்பட்டது என்ற பொருளில் 'மாட்' என்ற சொல் நிலைத்தது.

இவற்றில் மின்னணுச் சுற்று எதுவும் இல்லாத வகையே மெக்கானிக்கல் மாட். கம்பிகூட இல்லை. குழாயின் உடலே எதிர்முனைப் பாதை. மேலே நடுவில் உள்ள ஊசி நேர்முனை. இரண்டையும் பிரிப்பது ஒரு சிறிய நெகிழி வளையம். அடியில் ஒரு பொத்தான். அழுத்தினால் மின்சாரம் பாயும், விட்டால் நிற்கும். வரைபடத்தில் பத்துக் கோடுகள்கூட வராது. ஆனால் லேத்தின் முன் நிற்பவனுக்கு இது எளிதன்று. 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் கொண்ட 18650 என்ற பாட்டரி உள்ளே ஆடாமல் இருக்க வேண்டும், இறுகவும் கூடாது. விட்டத்தைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு ஆழம் குடையும்போது உளி நடுங்கும். உட்சுவரில் அலைகள் விழும். பித்தளை வெட்டுக்கு இணங்கும், செம்போ உளியில் ஒட்டிக்கொண்டு அடம்பிடிக்கும். மேல்முனையில் 7 மி.மீ. விட்டத்தில் அரை மி.மீ. இடைவெளிப் புரி போடவேண்டும். ஒரு சீன மாதிரியின் எண்ணைக் கொண்டு இதற்கு 510 என்று பெயர்.

மின்கடத்தலில் பித்தளை செம்பின் நான்கில் ஒரு பங்கு, துருப்பிடிக்காத எஃகு நாற்பதில் ஒரு பங்கு. இதைச் சொல்லி நடந்த வாதங்களுக்கு அளவில்லை. உண்மையில் பெரும் இழப்பு நேர்வது தடித்த குழாயில் அன்று; புரிகளிலும் பொத்தானின் முனையிலும்தான். அதனால்தான் அந்த முனைகளுக்கு வெள்ளி பூசினார்கள்.

2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிரேக்கர்கள் இதில் பேர்பெற்றனர். 'நெமிசிஸ்' என்ற புகழ்பெற்ற மாடைச் செய்தவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் அட்மோமிக்கானி. கிரேக்கத்தில் 'நீராவி எந்திரம்' என்று அர்த்தம். மார்ஷலின் வாசகர்கள் மகிழ்ந்திருப்பார்கள். பிலிப்பைன்ஸின் பட்டறைகளும் இதே காலத்தில் இறங்கின. வரிசை எண் பொறித்து வெளியான சில நூறு குழாய்களுக்காகக் காத்திருந்தவர்கள் கண்முன்னே ஷென்ஜென் நகரத்து நகல்கள் கொட்டின. நகல்களிலும் வரிசை எண் இருந்தது.

இங்கேதான் ஓர் ஆசை வழிதவறியது என்பது என் எண்ணம். புகையை விட உதவும் கருவி, மேகம் விடும் கருவியானது. முழுச் சக்தியில் 4.2 வோல்ட் தரும் பாட்டரியோடு 0.5 ஓம் கம்பிச் சுருளை இணைத்தால் 8.4 ஆம்பியர், ஏறத்தாழ 35 வாட். நல்ல பாட்டரி இதைத் தாங்கும். போட்டிக்காகச் சுருளை 0.1 ஓமுக்கு இறக்கினால் 42 ஆம்பியர்; அதைத் தொடர்ந்து தரக்கூடிய 18650 கிடையாது. தடுத்து நிறுத்தச் சுற்று இல்லை. பழைய செய்நர்கள் சிலர் பொத்தானுக்கடியில் வைத்த வில், மிகையாகச் சூடேறினால் துவண்டு இணைப்பை அறுத்துவிடும். மின்தடை கூடுகிறது என்று சொல்லி அந்த வில்லை எடுத்துவிட்டுக் காந்தம் வைத்தார்கள். மூடிய குழாய்க்குள் பாட்டரி வெடித்தால் அழுத்தம் முனைகள் வழியேதான் வெளிவரும். குழாய் அப்போது ராக்கெட். மின்சிகரெட் தீ, வெடிப்பு என்று 2009 முதல் 2016 வரை அமெரிக்காவில் 195 நிகழ்வுகளை அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் தொகுத்தது. 2018 மே மாதம் ஃப்ளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒருவர் மெக்கானிக்கல் மாட் வெடித்து உயிரிழந்தார். தலையில் பாய்ந்தது அதன் துண்டு.

சட்டங்கள் இதற்கு முன்பே வரத் தொடங்கியிருந்தன. 2016 ஆகஸ்ட் 8 முதல் அமெரிக்காவில் மின்சிகரெட்டுகள் புகையிலைப் பொருட்களுக்கான விதிகளுக்குள் வந்தன. புதிதாக ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவர முன் அனுமதி வேண்டும். ஒற்றை லேத் வைத்திருப்பவரால் அந்த விண்ணப்பச் செலவைத் தாங்க இயலாது. வெடிப்புக்குக் காரணமான அலட்சியத்தையும் கைவினைஞனின் கவனத்தையும் ஒரே தராசில் நிறுத்தியது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஆனால் இரண்டையும் சட்டம் எப்படிப் பிரித்தறியும் என்று கேட்டால் என்னிடம் விடையில்லை.

இந்தியா 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம் பிறப்பித்து, டிசம்பரில் அதை நிரந்தரமாக்கியது. உற்பத்தி, இறக்குமதி, விற்பனை யாவும் குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அச்சட்டம் மின்சிகரெட்டை 'எலக்ட்ரானிக்' கருவி என்றே வரையறுக்கிறது. மின்னணு ஏதுமற்ற செப்புக் குழாய் அதில் அடங்குமா என்று வாதிட யாருக்கேனும் தோன்றலாம். வரையறையின் அடுத்த தொடர் அதற்கும் இடம் வைக்கவில்லை: எப்பெயரால் அழைக்கப்பட்டாலும், எவ்வடிவில், எவ்வளவில் இருந்தாலும் அதுபோன்ற கருவிகள் அனைத்தும் அடங்கும் என்கிறது.