சாதனா ஃபாரஸ்ட்

விழுப்புரம் மாவட்டத்தில், ஆரோவில்லின் ஓரத்தில் அமைந்த காடு வளர்ப்புக் குடியிருப்பு. இஸ்ரேலிலிருந்து வந்த அவிராம், யோரித் ரோசின் தம்பதி இதை 2003 டிசம்பரில் தொடங்கினர். மண் அரித்துப்போன 70 ஏக்கர் செம்மண் பொட்டலில், இப்பகுதிக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டை மீட்பதே நோக்கம். முதலில் சரிவுக்குக் குறுக்கே கரையும் குழியும் வெட்டி மழைநீரை மண்ணில் இறக்குகிறார்கள்; கன்று நடுவது அதற்குப் பிறகுதான். பல நாட்டுத் தன்னார்வலர்கள் காலையில் சேர்ந்து மண்வெட்டி பிடித்தே இதைக் கற்கிறார்கள். சமையலும் முறைவைத்துத்தான், பாத்திரம் துலக்கச் சாம்பல். உலர் கழிப்பறைக் கழிவு மரத்தூளோடு மக்கி மரங்களுக்கு உரமாகிறது. பலரும் முகஞ்சுளிக்கும், கழிவை மக்கவைக்கும் இந்த வேலையே இங்குள்ளவற்றில் மிக அருமையான பாடம். பின்னர் ஹைட்டியிலும் கென்யாவிலும் இதே முறையில் பணி தொடங்கியது.